ஒரு சின்னச் சொல்லும் 580 அர்த்தமும்

“அம்மா, செட் என்றால் என்ன?”

ஏழாம் வகுப்புப் பையன் கேட்கிறான். கையில் நோட்டுப் புத்தகம். இடது பக்கம் இங்கிலீஷ் சொல், வலது பக்கம் தமிழ் அர்த்தம், நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. நாளைக்கு இருபது சொற்களை ஒப்பிக்க வேண்டும்.

அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொல்கிறாள். “எனக்கு என்னடா இங்கிலீஷ் தெரியும்? அப்பா வரட்டும், கேட்டுக்கொள்.”

பையன் அப்பாவுக்காகக் காத்திருக்கவில்லை. அகராதியைப் புரட்டி, முதலில் கண்ணில் பட்டதை எழுதிக்கொண்டான். “செட் – வை.” அடுத்த சொல்லுக்குப் போய்விட்டான்.

தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் மாலை வேளையில் நடக்கும் காட்சி இது. இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று பையன் செய்தது. மற்றொன்று அம்மா சொன்னது. இரண்டில் அம்மா சொன்னதுதான் பெரிய தவறு.

அவளுக்கு ‘செட்’ தெரியாதா? அன்று காலையில்தான் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மைக் செட் சொல்லியாகிவிட்டதா என்று விசாரித்தாள். நகைக் கடைக்குப் போனால், தோடும் அட்டிகையும் செட்டாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவாள். மூத்த மகனிடம், “அந்தப் பையன்களோடு செட் சேராதே” என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்கிறாள். மாமனார் படுக்கப் போகும்போது, “பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படுங்கள், மாமா” என்று நினைவூட்டுகிறாள். வயலில் பம்பு செட். வீட்டில் டி.வி. செட்டுக்கு மேல் செட் டாப் பாக்ஸ். ஓட்டலுக்குப் போனால் செட் தோசை. மாடியில் தளம் போட்ட அன்று, “கான்கிரீட் இன்னும் செட் ஆகவில்லை, யாரும் மேலே ஏறாதீர்கள்” என்று கொத்தனார் சொன்னதை வீடு முழுவதும் கூவிச் சொன்னவளும் அவளே.

எண்ணிப் பாருங்கள். இயந்திரம், ஜோடிப் பொருள், கூட்டாளிகள், பொய்ப் பல், இறுகிப் போதல் என்று ஐந்தாறு அர்த்தங்களில் ஒரே சொல்லை அவள் புழங்குகிறாள். ஓர் இடத்திலாவது தவறு உண்டா? மைக் செட்டைப் பல் செட் என்று அவள் நினைத்தது உண்டா? கிடையாது. இருந்தும் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள். அதைப் பையனும் நம்பிவிடுகிறான். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் ஒரு குடும்பத்துக்குச் செய்கிற முதல் கெடுதல் இதுதான்.

பெரிய அகராதியே திணறியது

‘செட்’ சாதாரணச் சொல் அல்ல. உலகத்துப் பெரிய அகராதிகளுள் ஒன்றான ஆக்ஸ்போர்டு இங்கிலீஷ் அகராதியில் வெகு காலம் முதலிடம் பிடித்து வைத்திருந்த சொல் இது. அந்த அகராதியின் முதல் பகுதி 1884-ல் அச்சாயிற்று. கடைசிப் பகுதி 1928-ல்தான் வந்தது. 1989-ல் இருபது தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு வந்தபோது, ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு விளக்கம் எழுதவே சுமார் 60,000 சொற்கள் தேவைப்பட்டன. ஒரு நாவல் அளவுக்கு ஒரு சொல்! அதில் தனிச் சொல்லாக 430 அர்த்தங்கள். வேறு சொற்களோடு சேர்ந்து வருவதையும் கூட்டினால் 580.

பிறகு அகராதியைத் திருத்தத் தொடங்கினார்கள். 2000-ல் ‘மேக்’ என்ற சொல் முந்தியது. 2007-ல் ‘புட்’. 2011-ல் ‘ரன்’ எல்லாவற்றையும் தாண்டி 645 அர்த்தங்களோடு முன்னே வந்து நின்றது. கவனித்தால் ஒன்று தெரியும். செய், போடு, ஓடு, வை – எல்லாம் குழந்தைகள் பேசுகிற சொற்கள். அர்த்தம் பெருகுவது பண்டிதச் சொற்களில் அல்ல; அன்றாடம் புழங்கித் தேய்ந்த சொற்களில்தான். ஆனால் பிள்ளைகளோ நீளமான சொற்களை மனப்பாடம் செய்ய மாய்ந்து போகிறார்கள். மூன்றெழுத்துச் சொல் சுலபம் என்று தாண்டிப் போகிறார்கள்.

உட்கார், உட்காரவை

இத்தனை அர்த்தமும் எங்கிருந்து வந்தன? மூலத்தைப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

தமிழில் தன்வினை, பிறவினை என்று இலக்கணத்தில் படிக்கிறார்களே, அதுதான் இங்கேயும். எழு – எழுப்பு. கிட – கிடத்து. விழு – வீழ்த்து. அமர் – அமர்த்து. இங்கிலீஷிலும் பழைய காலத்தில் இப்படி ஜோடிகள் இருந்தன. ரைஸ் என்றால் எழு, ரைஸ் என்பதையே கொஞ்சம் நீட்டி ரெய்ஸ் என்றால் எழுப்பு. லை என்றால் கிட, லே என்றால் கிடத்து. ஃபால் என்றால் விழு, ஃபெல் என்றால் மரத்தை வெட்டி வீழ்த்து. அந்த வரிசையில் சிட் என்றால் உட்கார், செட் என்றால் உட்காரவை. அவ்வளவுதான் அதன் ஆதி அர்த்தம்.

இதைக் கையில் பிடித்துக்கொண்டால் பல கதவுகள் திறக்கின்றன. முறிந்த எலும்பை டாக்டர் அதன் இடத்தில் உட்கார வைக்கிறார், அதற்கும் செட். மோதிரத்தில் கல்லைப் பதிக்கிறார் தட்டார், அதுவும் செட். கான்கிரீட் உட்கார்ந்துவிட்டது, இனி நகராது, செட். (சாதாரண போர்ட்லண்டு சிமெண்டு தண்ணீர் சேர்த்து 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக்கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்று இந்தியத் தரக் கட்டளை சொல்கிறது. கொத்தனார் கலவையைக் காயவிடாமல் அவசரப்படுத்துவது இதனால்தான்.) சூரியன் மறைவதற்கும் செட் என்கிறார்களே, அது எப்படி? பழைய இங்கிலீஷில் அஸ்தமனத்துக்கு வழங்கிய ஒரு சொல்லுக்கு, ‘ஆசனத்துக்குப் போதல்’ என்றே பொருள். நாளெல்லாம் அலைந்த சூரியன் சாயங்காலம் போய் உட்கார்ந்துவிடுகிறான்!

ஆனால் டீ செட், மைக் செட் இதில் சேராது. அது வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீன் மொழியில் ‘செக்டா’ என்று ஒரு சொல். ஒருவரைப் பின்பற்றுகிற கூட்டம் என்று அர்த்தம். மதப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்பதும் அதிலிருந்து வந்ததே. அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து ‘செட்’ ஆயிற்று. முன்பே இருந்த உட்காரவைக்கிற செட்டும், வந்து சேர்ந்த கூட்டத்துச் செட்டும் ஒரே மாதிரி ஒலித்ததால் ஒன்றோடொன்று கலந்துபோயின. “அந்தப் பையன்களோடு செட் சேராதே” என்று அம்மா கண்டிக்கிறாளே, லத்தீன்காரனின் மூல அர்த்தத்துக்கு வெகு கிட்டத்தில் அவள்தான் நிற்கிறாள்.

கணிதத்தில் வரும் செட்டும் கூட்டத்துச் செட்தான். அதற்குப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ‘கணம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூத கணம், சிவ கணம் என்பதில் வரும் கணம். நல்ல சொல். ஆனால் கணம் என்றால் நொடி என்றும் ஓர் அர்த்தம் உண்டே என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்டால், உபாத்தியாயர் கொஞ்சம் விழிக்கத்தான் வேண்டும்.

‘வை’ மட்டும் குறைச்சலா?

பையன் எழுதிய ‘வை’ தவறான அர்த்தம் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லப்போனால், செட்டுக்குத் தமிழில் உடன்பிறப்பு போல ஒரு சொல் உண்டென்றால் அது வைதான். தீ வைத்தான், கண்ணி வைத்தான், கெடு வைத்தான், பரீட்சை வைத்தான், அலாரம் வைத்தான் – ஐந்துக்கும் இங்கிலீஷில் செட் பொருந்தும். இத்தனை பொருத்தம் இரண்டு தூர தேசத்து மொழிகளுக்குள் இருப்பது ஆச்சரியம்.

அதனாலேயே ஆபத்தும் இருக்கிறது. ஐந்து இடத்தில் பொருந்தியதால் ஆறாவது இடத்திலும் பொருந்தும் என்று பிள்ளை நினைக்கிறான். குழம்பு வைத்தாள், மொய் வைத்தார், ஆசை வைத்தான் என்பவற்றை செட் போட்டுச் சொன்னால் இங்கிலீஷ்காரர் திகைப்பார். அதுபோலவே, சூரியன் ‘வைத்தது’ என்றோ, கான்கிரீட் ‘வைத்துவிட்டது’ என்றோ சொன்னால் தமிழன் சிரிப்பான். (வைதான் என்றால் திட்டினான் என்று வேறு ஆகிவிடும். ஒரு ‘த்’ போனால் சண்டை!)

ஒரே அர்த்தமுள்ள சொற்கள் என்று பரீட்சைக்குப் படிக்கிறார்களே, அதிலும் இந்தக் கண்ணிதான். செட் என்பதற்கு புட், பிளேஸ், ஃபிக்ஸ் என்று பட்டியல் போடுகிறார்கள். புட் தி கிளாக் என்றால் கடிகாரத்தை எங்கோ கொண்டுபோய் வைப்பது. செட் தி கிளாக் என்றால் மணியைச் சரிப்படுத்துவது. ஃபிக்ஸ் தி கிளாக் என்றால் ரிப்பேர் செய்வது, அல்லது சுவரில் பொருத்துவது. ஒரு கடிகாரத்துக்கு மூன்று வேலை. பட்டியலில் மூன்றும் ஒன்று!

லண்டனில் டாக்டர் பீட்டர் மார்க் ரோஜெட் என்று ஒரு வைத்தியர் இருந்தார். 1805-ல் தம் சொந்த உபயோகத்துக்காக ஒத்த சொற்களைச் சேர்த்து எழுதத் தொடங்கி, 1852-ல் தம் 73-வது வயதில் புத்தகமாக வெளியிட்டார். இன்றும் விற்கிறது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சொற்களில் எது இந்த இடத்துக்குப் பொருந்தும் என்று தேர்ந்துகொள்ள உதவும் புத்தகம் அது. ஒன்றுக்குப் பதில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்பதற்கு எழுதப்பட்டதல்ல.

நிகண்டு படிக்கவில்லையா?

மனப்பாடத்துக்காக வாதாடுகிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். “அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு மனப்பாடம் செய்யவில்லையா? தமிழ் கெட்டா போயிற்று?”

நியாயமான கேள்வி. செய்தார்கள். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதியைப் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். ஆனால் அந்தத் தொகுதி எதைப் பற்றியது? ஒரு சொல்லுக்கு உள்ள பல அர்த்தங்களைப் பற்றியது! ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்று பிள்ளை நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவே அதைப் படிக்க வைத்தார்கள். அதோடு, அது வீட்டிலும் தெருவிலும் பேசுகிற மொழி. மனப்பாடம் செய்தது பாதி, காதில் விழுந்தது பாதி. நடுக்கோடு போட்ட நோட்டுக்கு அந்தப் பெருமை எதுவும் கிடையாது.

காகிதம் வீட்டுக்கு வரும்போது

மார்க் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தச் சின்னச் சொல் பள்ளிக்கூடத்தோடு நிற்பதில்லை. கோர்ட்டுக் காகிதத்திலும் வருகிறது.

ஒரு குடும்பத்துக்கு நில வழக்கு. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார்கள். எதிராளி ஐகோர்ட்டுக்கு அப்பீல் போனார். தீர்ப்பு இங்கிலீஷில் வந்தது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு ‘செட் அசைடு’ என்று இருக்கிறது. வீட்டில் படித்த பிள்ளை யார்? பத்தாம் வகுப்புப் பெண். அவள் நோட்டில் செட் என்றால் வை; அசைடு என்றால் ஒரு பக்கமாக. “அப்பா, நம் தீர்ப்பைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்களாம்.” ஒத்தி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று அப்பாவும் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். உண்மையில் தீர்ப்பு ரத்தாகிவிட்டது. ஜெயித்த வழக்கு கையைவிட்டுப் போய்விட்டது. மேற்கொண்டு அப்பீல் செய்வதற்கு உள்ள நாட்களோ ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருக்கின்றன.

இதே இரண்டு சொற்கள் ஏழைக்குக் கைகொடுக்கவும் செய்யும். பிரதிவாதி வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால், அதை ‘செட் அசைடு’ செய்யும்படி அதே கோர்ட்டில் மனுப் போடலாம். 1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டப்படி அதற்கு 30 நாள் கெடு. சம்மன் முறைப்படி வந்து சேரவில்லை என்றால், தீர்ப்பு விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். ஒரு சொல்லின் அர்த்தம் புரியாமல் அந்த முப்பது நாளை நழுவவிட்டால், பிறகு தாமதத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

இன்னொன்று, ‘செட் ஆஃப்’. பாடப் புத்தகத்தில் இதற்குப் பயணம் புறப்படுதல் என்று அர்த்தம். தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துவதும் அதுவே. கிரிமினல் கோர்ட்டில் அது வேறு. விசாரணைக் காலத்தில் ஒருவர் சிறையில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்வதற்கு அங்கே அந்தப் பெயர். 1973-ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-வது பிரிவு இதைச் சொல்லிற்று. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்திலும் இது உண்டு. மகன் என்றைக்கு வீட்டுக்கு வருவான் என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருக்கும் தாய்க்கு, அந்த இரண்டு சொற்களைவிடப் பெரிய விஷயம் அந்தக் காகிதத்தில் வேறு இல்லை.

இப்படிப்பட்ட காகிதங்களோடு எளிய தமிழில் ஒரு பக்கக் குறிப்பாவது சேர்த்துக் கொடுப்பது சர்க்காருக்குப் பெரிய செலவாகிவிடாது. அது வரும் வரையில், காகிதத்தை வக்கீலிடமோ இலவச சட்ட உதவி மையத்திலோ காட்டாமல் அகராதியை மட்டும் நம்பக்கூடாது. செல்போனில் உள்ள அகராதியானாலும் சரி. முதலில் வரும் அர்த்தத்தை எடுத்துக்கொண்டால் அதுவும் நடுக்கோடு போட்ட நோட்டுதான்.

ஜப்பானில் கண்ட வழி

பள்ளிக்கூடத்தில் என்ன செய்யலாம்? உபாத்தியாயரைக் குறை சொல்வது எளிது. வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். முடிக்க வேண்டிய பாடமோ மலை போல. இருபது சொல் ஒப்பிக்கச் சொன்னால் அரை மணியில் வேலை முடியும். அவர் கஷ்டம் அவருக்கு.

ஆனாலும் வழி இருக்கிறது. 1924-ல் ஏ. எஸ். ஹார்ன்பி என்ற இங்கிலீஷ்காரர் ஜப்பானுக்கு உபாத்தியாயராகப் போனார். இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதிய அகராதி ஜப்பானியப் பிள்ளைக்கு உதவாது என்று கண்டார். சொல்லுக்கு அர்த்தம் மட்டும் கொடுத்தால் போதாது. அது எந்தச் சொல்லோடு சேரும், வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்று காட்ட வேண்டும். இரண்டு சகாக்களோடு சேர்ந்து அப்படி ஓர் அகராதி தயாரித்தார். 1942-ல் டோக்கியோவில் அச்சான அந்தப் புத்தகத்தையே 1948-ல் ஆக்ஸ்போர்டு மறுபடி வெளியிட்டது. மாணவர் அகராதி என்று இன்று கடைகளில் கிடைப்பவற்றுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

அந்த வழியைப் பின்பற்றப் பணம் வேண்டாம். நோட்டில் நடுக்கோட்டை அழித்துவிட வேண்டும். இருபது சொல்லுக்குப் பதில் ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தில் எழுத வேண்டும். அடுத்த மாதம் அதே சொல் வேறு வாக்கியத்தில் வந்தால், பழைய வாக்கியத்துக்குக் கீழேயே எழுதிக்கொள்ள வேண்டும். வருட முடிவில் செட்டுக்குப் பத்து வாக்கியம் சேர்ந்துவிடும். இங்கிலீஷ்காரர்களிலேயே 580 அர்த்தமும் தெரிந்தவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பத்து தெரிந்தால் பதினோராவதை இடம் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம்.

இதில் வீட்டுப் பெரியவர்களுக்கும் வேலை உண்டு. இங்கிலீஷ் தெரிந்தால்தான் என்பதில்லை. மைக் செட் முதல் செட் தோசை வரை வீட்டில் புழங்குவதை எல்லாம் அம்மா சொல்லட்டும், பையன் எழுதட்டும். தன் அம்மாவிடம் கேட்டு எழுதின பக்கத்தை அவன் வகுப்பில் வாசித்துக் காட்டுகிற நாள், “எனக்கு என்னடா தெரியும்?” என்ற பேச்சு அந்த வீட்டில் குறையும்.

அன்று ராத்திரி, அந்தப் பையன் ‘செட் – வை’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லை உருப்போட்டுக்கொண்டிருந்தபோது, இலை போட்டுவிட்டு அம்மா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். தாத்தா வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது.

“டேய், என் செட்டை எடுத்துக்கொண்டு வாடா.”

பையன் நோட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். அகராதியைப் பார்க்கவில்லை. எந்தச் செட் என்று கேட்கவும் இல்லை. அலமாரியில் தண்ணீர் டம்ளருக்குள் கிடந்த பல் செட்டைக் கொண்டுவந்து தாத்தாவின் கையில் கொடுத்தான்.